சேலத்தில் பதிவான பாட்டை ஸ்பாட்டிஃபை வரை கொண்டுபோவது எப்படி

ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் பாடியவர் நேரே பாட்டை ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். சினிமாவில் ‘சேலம் ஏரியா’ வாங்கித் தியேட்டர்களுக்குப் பிரித்துத் தருபவரின் வேலையை இங்கே டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் போன்ற தளங்கள் செய்கின்றன. ஜியோசாவனுக்கும் வழக்கமான வழி இதுதான். நாமே ஏற்றிக்கொள்ள யூட்யூப், சவுண்ட்க்ளவுட், பேண்ட்கேம்ப் இருக்கின்றன.

ஏற்றுகிற வேலை அரை மணி நேரம்தான். பாட்டு திரும்பி வருவதும், வந்த பிறகு காணாமல் போவதும், வேறு யாரோ பக்கத்தில் போய் உட்காருவதும் அதற்கு முன்னால் கவனிக்காமல் விட்டவற்றால்.

பதிவு

அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு முதல் தலைவலி தறிச் சத்தம். கதவைச் சாத்தினாலும் நிற்காது. அதிர்வு தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறி உள்ளே வந்துவிடும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் நாலாக மடித்த ஜமுக்காளமோ கெட்டியான ரப்பர் ஷீட்டோ போடுங்கள். மிச்சத்தை எடிட்டிங்கில், தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கிற ஹை பாஸ் ஃபில்டர் வைத்து வெட்டலாம்: குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் 40. கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துக்கும் 80 வைத்தால் நாதம் போய் அட்டைப்பெட்டி தட்டிய மாதிரி கேட்கும்.

ஏற்காட்டில் பிரச்சினை வேறு. இரவில் அமைதியாக இருக்கிறது என்று மைக்கை வைப்பார்கள், சில்வண்டு முழுக்கப் பதிவாகியிருக்கும். அதன் ஒலி குரலின் ச, ஸ, ட ஒலிகள் தெளிவாகக் கேட்கிற அதே உயர்ந்த அலைவரிசையில் இருப்பதால், வண்டை வெட்டினால் குரலும் மழுங்கும். வெயில் ஏறிய பிறகு பதிவு செய்வதே சுலபம். பனிமூட்டம் இறங்கினால் தோல் வாத்தியங்களின் சுருதியும் கூடவே இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள். முதல் சரணமும் கடைசிச் சரணமும் அரைக்கால் சுருதி விலகியிருந்தால் ஒட்டுப்போட முடியாது.

‘உம்ம்’ என்று ஒரு இரைச்சல் விடாமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் வீட்டு எர்த்தில் கோளாறு இருக்கலாம். எலக்ட்ரீஷியன் வரும்வரை பேட்டரியில் பதிவு செய்யலாம். பதிவின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே இருக்கட்டும். சிவப்பு விளக்கைத் தொட்டுக் கிழிந்த ஒலியை எந்த ப்ளக்-இன்னும் ஒழுங்காகச் சரிசெய்யாது.

கடைசி ஃபைல் வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். எம்பி3-யை வேவாக மாற்றி அனுப்பினால் தளம் ஏற்றுக்கொள்ளும்தான், ஆனால் போன தரம் போனதுதான். ஸ்பாட்டிஃபை ஒலி அளவைச் சாதாரணமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவீடு) அளவுக்குச் சமன் செய்கிறது. ஸ்டுடியோவில் ‘சவுண்டா இருக்கணும்’ என்று அமுக்கி அமுக்கி மைனஸ் 7-க்குக் கொண்டுபோனால், அங்கே அதைத் தணித்துவிடுவார்கள். அமுக்கியதால் வந்த தட்டைத்தனம் மட்டும் மிஞ்சும். ட்ரூ பீக், அதாவது ஒலியின் உண்மையான உச்சம், மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம் தெருவெல்லாம் ஒலிபெருக்கி. பின்னணியில் மெலிசாகச் சினிமாப் பாட்டு கேட்டால்கூட, பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூட்யூபின் கன்டென்ட் ஐடி அதைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. அந்த வீடியோவின் விளம்பரப் பணம் பாட்டுக் கம்பெனிக்குப் போகும்.

யார் பாட்டு?

‘பழைய பாட்டுதானே’ என்ற பேச்சு இங்கே செல்லாது. இந்தியச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1847-இல் மறைந்த தியாகராஜரையும் 1921-இல் மறைந்த பாரதியாரையும் யாரிடமும் கேட்காமல் பாடலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973, எனவே அவர் கீர்த்தனைகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. பதிவுக்குத் தனி உரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் கீர்த்தனையை நீங்கள் பாடி ஏற்றலாம், வேறொருவர் பாடிய பதிவை எடுத்து ஏற்ற முடியாது. பாரதி பாட்டுக்கு இன்னொருவர் போட்ட புது மெட்டும் அவருடையதே.

சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு விநியோகஸ்தரின் படிவத்தில் ‘கவர்’ என்று டிக் அடித்தால் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. யூட்யூபில் கம்பெனிகள் பல சமயம் வீடியோவை விட்டுவைத்து வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரீமிங் தளங்களிலோ பாட்டையே நீக்கிவிடுவார்கள். முதல் வெளியீட்டுக்குச் சொந்தப் பாட்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கூட வாசித்தவர்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்குவது பலருக்குக் கூச்சம். ‘அண்ணா, நமக்குள்ள என்ன பேப்பர்’ என்பார்கள். பாட்டு ஓடாதவரை அதில் தொல்லையில்லை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுக்கப் போகிற பாட்டுக்கு இது போதாது. தாளில் இவை இருக்கட்டும்: பாட்டின் பெயர், யார் என்ன வாசித்தார், மொத்தமாகப் பணமா பங்கா, பங்கென்றால் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, உலகம் முழுவதுமா, தேதி, கையெழுத்து. ஒரே பக்கம் போதும்.

பெயரும் அட்டையும்

கலைஞர் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுதுங்கள். ‘செந்தில்’ என்பதை ஒரு பாட்டில் எச் சேர்த்தும் அடுத்ததில் சேர்க்காமலும் கொடுத்தால் இரண்டு பேராகிவிடுவீர்கள். வெறும் ‘கார்த்திக்’, ‘பிரியா’ என்று கொடுத்தால் இன்னொருவர் பக்கத்தில் உங்கள் பாட்டு விழும், அல்லது அவருடையது உங்களிடம் வரும். இனிஷியலோ ஊர்ப் பெயரோ சேர்த்துவிட்டு, ஸ்பாட்டிஃபையில் தேடிப் பார்த்து, அந்தப் பெயர் யாருக்கும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படிவத்தில் பாட்டின் மொழி தமிழ் என்று தேர்வு செய்ய மறக்க வேண்டாம்.

அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சல், ஜேபிஜி, திரைக்கான ஆர்ஜிபி நிறம். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுத்தால் பழக்கத்தில் அச்சுக்கான சிஎம்ஒய்கே-யில் தருவார்கள், கீழே செல் நம்பரும் இன்ஸ்டாகிராம் முகவரியும் போட்டுவிடுவார்கள். எல்லாமே நிராகரிக்கப்படும். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அதற்கு மேல் எழுத்தே வேண்டாம்.

விநியோகஸ்தரும் தேதியும்

டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சந்தாவை நிறுத்தினால், தனிக் கட்டணம் கட்டாத பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. ரூட்நோட்டில் இலவசமாக ஏற்றலாம், 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு போடுகிறவருக்கு ஆண்டுச் சந்தா வீண் செலவு. மாதம் ஒன்று போடுகிறவருக்கு அதுவே மலிவு.

வெளியீட்டுத் தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கைத் திறந்து, குறைந்தது 7 நாள் முன்னதாகப் பாட்டை ஸ்பாட்டிஃபையின் ப்ளேலிஸ்ட் தொகுப்பாளர்களின் பரிசீலனைக்கு அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் அது வரும். வெளியான பிறகு அனுப்ப வழியில்லை. 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. 40 விநாடி தம்புராவோடு தொடங்குகிற பாட்டில் பலர் குரல் வருமுன்பே அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

பணம்

ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. அந்த எண்ணிக்கைக்காக ‘பத்தாயிரம் ப்ளே, ஆயிரம் ரூபாய்’ என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் அபராதம் விநியோகஸ்தர் தலையில் விழும், அவர் உங்கள் பாட்டை எடுத்துவிடுவார்.

அமெரிக்க விநியோகஸ்தர்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் கிடைத்த ராயல்டியில் 30 சதவீதம் பிடித்தம், இந்தியாவோடுள்ள ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு நிரப்பினால் 15. வரி எண் என்ற இடத்தில் பான் நம்பர். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகவும் பாஸ்புக்கில் இனிஷியலாகவும் இருந்தால் பணம் நடுவில் நிற்கக்கூடும். பாட்டு போடுமுன்பே சரிசெய்யுங்கள்.

விநியோகஸ்தர் தருவது பதிவுக்கான பணம். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டி, அவர்களுக்காக அதை வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ் வழியாக வருகிறது, அதில் தனியாக உறுப்பினராக வேண்டும்.

வெளியான பிறகு

விநியோகஸ்தரிடம் கன்டென்ட் ஐடிக்கும் டிக் அடித்திருந்தால், உங்கள் சொந்த யூட்யூப் சேனலுக்கே க்ளெய்ம் (உரிமை கோரல்) வரும். பதற வேண்டாம், சேனல் முகவரியை அவர்களுக்கு அனுப்பி விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு யாராவது தவறாக க்ளெய்ம் செய்தால் யூட்யூபிலேயே மறுப்புத் தெரிவிக்கலாம், பதிலளிக்க அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அப்போது மேலே சொன்ன ஒரு பக்கத் தாளும், எடிட் செய்யாத மூல ஃபைல்களும் கையில் இருக்கட்டும்.

விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய இடத்தில் முதலில் நீக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பாட்டின் பதிவையும் அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண், அதே தலைப்பு, அதே ஃபைலோடு புதிய இடத்தில் ஏற்றுங்கள். இரண்டும் தளத்தில் தெரிந்த பிறகு பழையதை எடுக்கச் சொல்லுங்கள். எண் மாறினால் ஸ்ட்ரீம் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.