ரயிலடிப் படம் எந்த வருஷத்தது?

பழைய ரயில் படத்தைக் கையில் கொடுத்து எந்த வருஷம் இருக்கும் என்று கேட்டால், எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். கரி எஞ்சின் என்றால் போதும், "வெள்ளைக்காரன் காலம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டுப் படங்களில் இந்தக் கணக்கு இருபது முப்பது வருஷம் சுலபமாகத் தப்பும். மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில், நம்மில் பலர் ஏறிப்போன ஒய்.பி. ரகக் கரி எஞ்சின் சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல் வரத் தொடங்கியது. 1970 வரை புதிது புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். எழுபதுகளில் கல்யாணம் ஆனவர்கள்கூடக் கரி வண்டியில் மறுவீடு போயிருக்கிறார்கள்.

என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு மரவேலை பார்த்தவர். ரயில்வே காலனியில் வளர்ந்ததால் பெட்டியின் பலகை, தகடு, கதவு எல்லாம் அவர் சொல்லிக் காதில் விழுந்தவை. ரவிக்கையும் புடவையும் அம்மாவும் சித்திகளும் பேசியவை. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் உறவுக்காரர்கள் கொண்டுவரும் படங்களுக்கு வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விதி. படத்தில் இருப்பவற்றில் எது கடைசியாக உலகத்துக்கு வந்த பொருளோ, அதுதான் வருஷம் சொல்லும். பழைய பொருள் எதுவும் சொல்லாது. ரயில்பெட்டி ஒன்று முப்பது நாற்பது வருஷம் ஓடும். பாட்டி தன் இளமையில் கட்டிய கட்டையே எழுபது வயதிலும் கட்டுவார். அதனால் ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்றும், வலது பக்கம் "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் இந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள். எதிலும் சேராததை விட்டுவிடுங்கள்.

தாளில் எழுதுவதற்கு முன் படம் சரியான பக்கமாகத்தான் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்த படங்கள் நிறைய உண்டு. பலகையில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள், இடது மார்பில் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலது தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடது தோளில் வரும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை ஊகிப்பதும் ஆபத்து. பழைய கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் சிவப்பை உணராதவை. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கோடக் கம்பெனியின் வெரிக்ரோம் ஃபிலிமே 1956-ல்தான் எல்லா நிறத்தையும் உணரும் வகைக்கு மாறியது. அதனால் அதற்கு முந்தைய படத்தில் போர்ட்டர் கறுப்புச் சட்டை போட்டிருந்தால், அது சிவப்புச் சட்டையாக இருக்கலாம். "அத்தை வெள்ளைப் புடவையில் இருக்கிறாள், அப்போதே மாமா போய்விட்டார்" என்று கணக்குப் போடுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, நெற்றியைப் பாருங்கள், பொட்டு இருக்கிறதா என்று. வெளிர்நீலப் புடவை அப்படி வெளுத்து நிற்கும்.

சரி, இனி பலகை. ஸ்டேஷன் பெயர்ப்பலகை அளவுக்கு உதவும் பொருள் வேறு இல்லை. படத்தின் மூலையில் பாதி தெரிந்தாலும் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சுதந்திரத்துக்கு முன், அல்லது அதை ஒட்டிய வருஷங்கள். இந்தி சேர்ந்திருந்தால் அதற்குப் பின். இந்தி வரிமேல் தார் பூசியிருந்தால் இன்னும் நல்லது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெரியார் நடத்திய தார் அழிப்புப் போராட்டம் ஒன்று, 1965 கிளர்ச்சி இன்னொன்று. இந்த இரண்டில் எது என்று உடைகளை வைத்துச் சொல்லிவிடலாம்.

பலகையில் நம் எழுத்தே ஒரு நாள்காட்டி. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காது, எழுத்தின் தலையிலேயே வளைந்து ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. திருவண்ணாமலை என்ற பெயரில் ணாவும் உண்டு, லையும் உண்டு. மானாமதுரையில் னா. மணப்பாறையில் ஒன்றும் இல்லை, அங்கே இந்தச் சோதனை செல்லாது. பழைய எழுத்து இருந்தால் 1978-க்கு முன் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள், திரும்பப் பெயின்ட் அடிக்கும்வரை பலகை அப்படியே நிற்கும். புதிய எழுத்து இருந்தால் தைரியமாக இடது பக்கத்தில் 1978 என்று எழுதலாம். பெரியாரின் பத்திரிகைகள் 1935-லேயே அந்த எழுத்துக்கு மாறிவிட்டன, ஆனால் ரயில்வே பலகையில் அரசாணைக்கு முன் அதை நான் பார்த்ததில்லை.

பெட்டிக்கு வருவோம். வெளியே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதலில். எஸ்.ஐ.ஆர். என்றால் தென்னிந்திய ரயில்வே. எம்.எஸ்.எம். என்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, அந்தப் பெயரே 1908-ல் வந்ததுதான். இவை இரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து 14 ஏப்ரல் 1951-ல் தெற்கு ரயில்வே ஆயின. அதன் பிறகும் சில காலம் பழைய எழுத்தோடு பெட்டிகள் ஓடியிருக்கும், அதனால் 1951-க்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வகுப்பு. கதவுப் பக்கம் மூன்று கோடாக ரோமன் எண் இருந்தால் மூன்றாம் வகுப்பு. அது 1974-ல் ஒழிந்தது, ஆகவே வலது பக்கத்தில் 1974. "இண்டர்" என்று எழுதியிருந்தால், அது இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடைப்பட்ட வகுப்பு, இன்னும் முன்னால் போக வேண்டும். பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்பை முதலாகவும் இண்டரை இரண்டாவதாகவும் பெயர் மாற்றியது 1955-ல். அப்பா காலத்து ஆட்கள் மூன்றாம் வகுப்பை "தேடு கிளாஸ்" என்றுதான் சொல்வார்கள், படத்தின் பின்னால்கூட அப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் உடம்பைத் தடவிப் பார்ப்பதுபோல் கண்ணால் பாருங்கள். செங்குத்தாகப் பலகைகள் ஒன்றோடொன்று கோத்த கோடு தெரிந்தால் மர உடம்பு. ஒவ்வொரு அறைக்கும் வெளியே தனிக் கதவு, பெட்டி நீளத்துக்கும் ஓடும் படிப்பலகை, ஜன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு, இதெல்லாம் பழைய பாணி. கூரைமேல் குமிழ்கள் தெரிந்தால் எண்ணெய் விளக்கின் மூடிகளாக இருக்கலாம், காற்றுப்போக்கிகளாகவும் இருக்கலாம். அதனால் உடனே கீழே பாருங்கள். அடிச்சட்டத்தில் டைனமோவும் பாட்டரிப் பெட்டியும் தொங்கினால் மின்விளக்குப் பெட்டி, மேலே இருப்பவை காற்றுப்போக்கிகள். சக்கரத்தையும் எண்ணுங்கள். நாலே சக்கரம் உள்ள குட்டைப் பயணிகள் பெட்டி பழையது, இரு முனையிலும் போகி (தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்த நீளப் பெட்டி பிந்தையது.

முழுக்க எஃகாலான, மழமழப்பான ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டி பெரம்பூரில் அந்தத் தொழிற்சாலை திறந்த 1955-க்குப் பிறகுதான். சுவிட்சர்லாந்து வடிவமைப்பு அது. முதலில் அகலப்பாதைக்குத்தான் செய்தார்கள். மீட்டர்கேஜில் மரப்பெட்டிகள் எழுபதுகளிலும் ஓடின. மரப்பெட்டியைப் பார்த்து 1930 என்று எழுதிவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அப்பா எழுபதுகளில்கூடத் தேக்குப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்.

உடையில் யாரைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. கூட்டத்தில் இருபது வயது ஆட்களைப் பாருங்கள், அதிலும் காசு கொஞ்சம் உள்ள வீட்டு ஆட்களை. கிழவர்களையும் கிராமத்து ஆட்களையும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ரவிக்கை போடாத பாட்டிகளை அறுபதுகளின் படங்களிலும் பார்க்கலாம். வேட்டிக்கு மேல் கோட்டு, தலையில் பாகை என்று நிற்கும் உத்தியோகஸ்தர்கள் நாற்பதுகளோடு குறைந்துவிடுகிறார்கள். குடுமிக்காரர்களும் கிராப்புக்காரர்களும் சரிபாதியாக நிற்கும் கூட்டம் இருபதுகள், முப்பதுகள். சோலாத் தொப்பி வெள்ளைக்காரர்களோடும் ஆங்கிலோ இந்திய டிரைவர், கார்டுகளோடும் இருந்தது, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு மறையத் தொடங்கியது.

ரவிக்கைக் கைதான் எனக்குப் பிடித்த சாட்சி. நூற்றாண்டுத் தொடக்கத்தில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு உயர்ந்த கழுத்து, லேஸ் வைத்த தளர்வான நீளக் கை. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பஃப் கை. அறுபதுகளில் உடம்பைப் பிடித்த ரவிக்கை, கை மிகக் குட்டை, தலையில் உயரமான கொண்டை. ஆனால் பஃப் கை எண்பதுகளில் தாவணிப் பெண்களிடம் திரும்பி வந்தது. அப்போது துணியைப் பாருங்கள். பெரிய பூப்போட்டு வழுவழுவென்று விழும் நைலான், நைலெக்ஸ் புடவை அறுபதுகளுக்கு முன் கிடையாது. பருத்தி உப்பி நிற்கும், நைலான் உடம்போடு ஒட்டி விழும், கறுப்பு வெள்ளையிலும் அது தெரியும். ஆண்களுக்கு அறுபதுகளில் இறுக்கமான பேண்ட், எழுபதுகளில் பெல்பாட்டம், நீளக் கூர்க் காலர், காதைத் தாண்டி இறங்கும் கிருதா.

அப்புறம் சாமான்கள். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா மூன்றும் நெடுங்காலம் இருந்தவை, உதவாது. ஹவாய் செருப்பும் தோளில் தொங்கும் டிரான்சிஸ்டரும் அறுபதுகளுக்குப் பின். ஒயர் கூடை எழுபதுகளுக்கு மேல். கடையில் விலைப்பட்டியல் அணாவில் இருந்தால் 1957-க்கு முன், அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. சுவரில் தலைகீழ் முக்கோணம் வரைந்திருந்தால் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம், அறுபதுகளின் இறுதிக்கு முன் இருக்காது.

இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழும்பூர் ஸ்டேஷனின் இப்போதைய கட்டடம் 1908-ல் திறந்தது. தலைக்கு மேல் மின்கம்பி இருந்தால் 1931-க்குப் பின், பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் அந்த வருஷம்தான் ஓடியது. சென்ட்ரல் வாசலில் டிராம் போனால் 1953-க்கு முன், பக்கத்தில் மூர் மார்க்கெட் முழுசாக நின்றால் 1985-ல் அது எரிவதற்கு முன். பழைய பாம்பன் ரயில்பாலம் 1914-ல் திறந்தது. பக்கத்தில் சாலைப்பாலம் முடிந்து நின்றால் 1988-க்குப் பின். தனுஷ்கோடிப் பிளாட்பாரத்தில் வண்டி நின்றால் 1914-க்கும் 1964 டிசம்பர் புயலுக்கும் நடுவில், அதற்கு வெளியே வழியே இல்லை. இலங்கைக் கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போன போட் மெயில் தூத்துக்குடிக்குப் போனது என்றால் 1914-க்கு முன்.

எங்கள் பெரியம்மா படம் ஒன்றை வைத்துச் செய்து காட்டுகிறேன். மானாமதுரை பிளாட்பாரம். பலகையில் பழைய னா, கூடவே இந்தி. பின்னால் மரப்பெட்டி, கதவருகே மூன்று கோடு. ஆக 1974-க்குப் பின்னால் இல்லை. பெரியம்மா கட்டியிருப்பது பூப்போட்ட நைலான், பக்கத்துப் பையன் காலில் ஹவாய் செருப்பு, ஆக அறுபதுகளுக்கு முன்னால் இல்லை. தூரத்துச் சுவரில், லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற அளவில், முக்கோணம். அது அறுபதுகளின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. இடுப்பில் இருக்கும் அண்ணன் பிறந்தது அண்ணா காலமான வாரத்தில் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதாவது பிப்ரவரி 1969. படத்தில் அவனுக்கு ஒன்றரை, இரண்டு வயது. ஆக 1970 பிற்பாதியிலிருந்து 1971-க்குள். பெரியப்பாவின் காலர் இன்னும் சின்னதாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

குழந்தைகளின் வயதைக் கேட்கும்போது பள்ளிச் சான்றிதழை நம்பாதீர்கள், ஊரில் பாதிப் பேருக்கு அதில் ஜூன் மாதம்தான். தேர்தல், புயல், தலைவர் மரணம், புதுப் படம் என்று எதையாவது ஒட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பெரியவர்கள் சரியாகச் சொல்வார்கள். பெயர்களையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கடைசியில் ஒற்றை வருஷத்தை எழுதாதீர்கள், இரண்டு முனைகளையும் எழுதுங்கள், எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். நாளைக்கு வேறொருவர் படத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தால் திருத்த முடியும். மெல்லிய பென்சிலால், படத்தின் பின்புறம் ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் விழச் செய்யும். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ யாரோ எழுதிய ஊர்ப்பெயரோ இருந்தால் அதன்மேல் எழுதாமல் அதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.