கடன் திருநாள் ஞாயிற்றுக்கு மாறும்போது: கடலோரப் பங்குகளுக்கு ஒரு வழிகாட்டி

கடன் திருநாள் என்பது கத்தோலிக்கர் திருப்பலியில் கட்டாயம் பங்கெடுக்க வேண்டிய நாள். புதிய திருவழிபாட்டு நாள்காட்டி கைக்கு வந்ததும் மூன்று பெருவிழாக்களைத் தேடி வட்டமிடுங்கள்: ஆண்டவரின் திருக்காட்சி, விண்ணேற்றம், கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தம். திருக்காட்சியின் சொந்த நாள் ஜனவரி 6. மற்ற இரண்டும் வியாழக்கிழமைக்கு உரியவை. நம் நாட்டில் மூன்றுமே ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டுள்ளன. கிறிஸ்து பிறப்பும் ஆகஸ்டு 15 மரியாவின் விண்ணேற்பும் மாறுவதில்லை; எந்தக் கிழமையில் வந்தாலும் அந்த நாளேதான்.

இப்படி மாற்றும் அதிகாரம் பங்குக்கு இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1246ஆம் சட்டம் ஞாயிறுகளோடு பத்துக் கடன் திருநாள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றில் சிலவற்றை நீக்கவோ ஞாயிற்றுக்கு மாற்றவோ ஒரு நாட்டின் ஆயர்கள் சேர்ந்த ஆயர் பேரவையால் முடியும். அதற்கும் ரோமையின் முன் ஒப்புதல் வேண்டும். பங்குப் பேரவையின் தீர்மானம் இதில் செல்லாது. பங்கு செய்ய வேண்டியது வேறு: மாறிய நாளில் மக்கள் உண்மையிலேயே கோவிலுக்கு வர வழி செய்வது. இராமநாதபுரம் கரையில் அதுதான் பெரிய வேலை.

முதலில் கணக்கு. உயிர்ப்பு ஞாயிறு தெரிந்தால் போதும். அதன் மறுநாளை 1 என்று வைத்து எண்ணினால் 42ஆம் நாள் பாஸ்கா காலத்தின் (உயிர்ப்பிலிருந்து தூய ஆவியார் பெருவிழா வரையான காலம்) 7ஆம் ஞாயிறு, விண்ணேற்றம் அன்றைக்கு. 49ஆம் நாள் தூய ஆவியார் பெருவிழா, 56ஆம் நாள் மூவொரு கடவுள் ஞாயிறு, 63ஆம் நாள் திருவுடல் திருஇரத்தம். 2027இல் உயிர்ப்பு மார்ச் 28. ஆகவே விண்ணேற்றம் மே 9, திருவுடல் மே 30. திருக்காட்சி ஜனவரி 2 முதல் 8 வரை வரும் ஞாயிறு. 2027இல் ஜனவரி 3. அந்த ஞாயிறு 7ஆகவோ 8ஆகவோ இருந்தால் ஆண்டவரின் திருமுழுக்கு விழா மறுநாள் திங்களுக்குப் போய்விடும். 2023, 2024 இரண்டு ஆண்டும் அப்படித்தான் ஆனது. ஞாயிறு காலை வாசிக்க வேண்டியவர் தவறான பக்கத்தைப் படித்துவிட்டு வந்து நிற்பது பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான்.

அடிக்கடி தவறுவது தூய ஆவியார் நவநாள், அதாவது தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபம். விண்ணேற்றம் ஞாயிற்றுக்குப் போய்விட்டதே என்று நவநாளைத் திங்கட்கிழமை தொடங்கினால், சனி வரை ஆறு நாள்தான் கிடைக்கும். நவநாள் பழையபடி வெள்ளிக்கிழமையே தொடங்க வேண்டும். 2027இல் மே 7 வெள்ளி முதல் மே 15 சனி வரை எண்ணிப் பாருங்கள், ஒன்பது வரும். விண்ணேற்ற ஞாயிறு நவநாளின் மூன்றாம் நாளாக அமையும்; அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. மே 6 வியாழனன்று பாஸ்கா 6ஆம் வார வியாழனுக்கான வாசகங்களையே எடுங்கள். வாசக நூலில் அவை தனியாகவே உண்டு: திருத்தூதர் பணிகள் 18:1-8, யோவான் 16:16-20.

இனிப் படகுக் கணக்கு. இந்த மாற்றம் திங்கள் முதல் சனி வரை அலுவலகத்திலும் ஆலையிலும் நிற்பவர்களுக்கு வசதி. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாளும் டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன படகு கரை சேருவது ஞாயிறு காலை. ஆறு மணிப் பூசைக்கு மணி அடிக்கும்போது படகுத்துறையில் மீன் இறங்கிக்கொண்டிருக்கும். இறாலைத் தனியே பிரித்து, எடை போட்டு, ஐஸ் தட்டி, வலையை அலசி, ஆள்கள் குளித்து வர முற்பகல் ஆகிவிடும். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிற்றுக் கடனைத் தீர்க்கும் என்று 1248ஆம் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் நடுக்கடலில் இருப்பார்கள்.

அதனால் மாறிய பெருவிழா ஞாயிறுகளில் காலைத் திருப்பலியோடு மாலை ஆறு மணிக்கு இன்னொன்றும் வையுங்கள். தேவை இருந்தால் ஞாயிறுகளில் ஒரு குரு மூன்று திருப்பலி வரை நிறைவேற்ற ஆயர் அனுமதிக்கலாம் (905ஆம் சட்டம்). கிளைப்பங்குகள் உள்ள ஊரில் இந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது என்று ஒரு மாதம் முன்பே பங்குத்தந்தையோடு உட்கார்ந்து பேசுங்கள். பாடற்குழுவைக் காலையிலேயே களைக்க விடாமல் மாலைக்கும் பாதிப்பேரை ஒதுக்குங்கள். மாலைத் திருப்பலி ஒப்புக்கு நடந்தால் படகுக்காரர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

விண்ணேற்றமும் பெரும்பாலான ஆண்டுகளில் திருவுடல் பெருவிழாவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விழும். விசைப்படகு வீடுகளில் ஆண்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஆனால் கையில் காசு இருக்காது. திருவுடல் பெருவிழாவின் நற்கருணைப் பவனிக்கு வரி பிரிக்காதீர்கள். பவனியை மாலை ஐந்தரைக்கு மேல் தொடங்குங்கள். மணல் அதற்குள் ஆறாது என்றால் தார்ச்சாலை வழியே போங்கள். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, கண்ணாடி மூடிய விளக்கு வேண்டும்.

கடனைப் பற்றி மக்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். திருநாள் ஞாயிற்றுக்கு மாறினால் அன்று ஒரே திருப்பலிதான் கடன். இரண்டு கடன் நாள்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டு திருப்பலி. 2027இல் கிறிஸ்து பிறப்பு சனிக்கிழமை. சனி மாலைத் திருப்பலி ஒன்றை இரண்டு நாளுக்கும் கணக்கு வைக்க முடியாது. கடலில் மாட்டிக்கொண்டவர், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டு வர முடியாதவர் ஆகியோரைக் கடன் கட்டுப்படுத்தாது. தனிப்பட்ட நேர்வுகளில் விலக்குத் தரப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (1245ஆம் சட்டம்). இதைத் தயங்காமல் சொல்லுங்கள். வீணாக மனம் நொந்து ஒதுங்கியவர்கள் கரையில் பலர்.

பாதுகாவலர் திருவிழா வேறு கணக்கு. அது கடன் திருநாள் அல்ல. ஆனால் ஊர் அதைத்தான் பெரிதாக நினைக்கும். ஆலயத்தின் பெயருக்குரிய புனிதரின் நாள் அந்த ஆலயத்துக்கு மட்டும் பெருவிழா. எனவே அதைப் பொதுக்கால (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவ, பாஸ்கா காலங்களுக்கு வெளியே உள்ள) ஞாயிறு ஒன்றில் கொண்டாடலாம். சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) ஆலயமென்றால் ஜூலை 25ஐ ஒட்டிய ஞாயிறு சிக்கலில்லை. மீனவர்கள் போற்றும் பேதுரு, பவுல் பெருவிழாவையும் (ஜூன் 29) பொதுக்கால ஞாயிறு ஒன்றில் வைக்கலாம். அந்தோனியார் ஆலயத்தின் பெயர்ப் புனிதராக இல்லாவிட்டால் ஜூன் 13 வெறும் நினைவு நாள். ஞாயிற்றுத் திருப்பலியை அது தள்ளாது. அன்று நவநாள் செபமும் சப்பரமும் போதும். திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளை எந்தப் புனிதரும் இடம்பெயர்க்க முடியாது. சூசையப்பர் ஆலயத்துக்கு மார்ச் 19 எப்போதும் இந்தச் சிக்கலைத் தரும். ஊர்த்திருவிழாவைத் தவக்காலத்துக்கு வெளியே வைக்க விரும்பினால் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பத்து நாள் விழா ஞாயிறன்று முடிய வேண்டுமானால் கொடியேற்றம் வெள்ளிக்கிழமை. தேர்பவனி ஒன்பதாம் நாளான சனி இரவு. அது டோக்கன் நாள். தேர் தூக்க ஆள் இல்லாமல் போவது இதனால்தான். அந்தச் சனியன்று கடலுக்குப் போவதில்லை என்ற முடிவை விசைப்படகுச் சங்கத்திடம் கொடியேற்றத்துக்கு முன்பே பேசி வாங்குங்கள்.

கச்சத்தீவு அந்தோனியார் விழா வெள்ளி மாலை தொடங்கிச் சனி காலைத் திருப்பலியோடு முடிகிறது. ஞாயிறு கைபடாமல் இருக்கிறது. போய் வந்தவர்களுக்கு ஞாயிற்றுக் கடன் அப்படியே இருக்கிறது. அன்றும் மாலைத் திருப்பலி வையுங்கள்.

கடைசியாக அறிவிப்பு. மாற்றத்துக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் வாசியுங்கள், அன்பியக் (அண்டை வீடுகள் சேர்ந்த சிறு செபக்குழு) கூட்டத்திலும் சொல்லுங்கள், படகுத்துறை டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்: "மே 6 வியாழன் கடன் திருநாள் அல்ல. ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா மே 9 ஞாயிறு. திருப்பலி காலை 6, மாலை 6. தூய ஆவியார் நவநாள் மே 7 வெள்ளி மாலை தொடங்கும்."