ஓகஸ்ட்டில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும்

நல்லூர்த் திருவிழாவோடு யாழ்ப்பாணம் போய், நிற்கிற மூன்று கிழமைக்குள் வீடு பார்த்து விலையும் பேசி முடிப்பவர்கள் பலர். குழாய் வேலையின் பெரிய பிழைகள் அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ளும். ஓகஸ்ட்டில் நிலத்தடி நீர் கீழே கிடப்பதால் மலக்குழி எவ்வளவு ஊற்றினாலும் இழுக்கும். அதே குழி கார்த்திகை மழையில் நிரம்பி, கொமட்டில் தண்ணீரை இறங்கவிடாது. ஆகவே வெய்யிலில் போகிறவர் தேடவேண்டியது மாரியின் தடயங்களை: குழி மூடியைச் சுற்றிப் புதுச் சீமெந்துப் பூச்சு, வளவெல்லாம் காய்ந்திருக்க அங்கே மட்டும் பச்சைப் புல், குளியலறை வெளிச்சுவரின் அடியில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு. பக்கத்து வீட்டில் "மாரியில இங்க கக்கூஸ் தண்ணி இறங்குமோ?" என்று கேளுங்கள். விற்கிறவரைவிட அவர்களுக்கு மறைக்கக் காரணம் குறைவு.

கிணற்றடியில் தொடங்குங்கள். மோட்டரைப் போட்டுத் தாங்கியில் தண்ணீர் விழும்வரை நேரம் பாருங்கள். நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி போடுங்கள். இரண்டாம் முறை பிந்தினால், அல்லது வீட்டுக்காரர் மோட்டருக்குள் ஊற்றச் செம்போடு ஓடிவந்தால், கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வு (தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுப்பது) தண்ணீரைப் பிடித்துவைக்கவில்லை. இது சின்னச் செலவு. காற்றும் தண்ணீருமாகத் துப்பித் துப்பி விழுந்தால் உறிஞ்சு குழாயின் பொருத்து ஒன்று காற்றிழுக்கிறது, இல்லையேல் கிணற்று மட்டம் வால்வு வரை இறங்கிவிட்டது.

தாங்கிச் சோதனைக்கு ஓர் இரவு வேண்டும். தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, எல்லாப் பைப்பையும் பூட்டி, உட்சுவரில் மட்டத்தைக் குறித்துவையுங்கள். 1.1 மீற்றர் குறுக்களவுள்ள வட்டத் தாங்கியில் காலையில் 1 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் 9 லீற்றருக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. அடுத்த இரவு கொமட் தொட்டிகளுக்குப் போகும் வால்வுகளையும் பூட்டிவிட்டுப் பாருங்கள். கசிவு நின்றால் பிழை அந்தத் தொட்டிகளில்தான். எந்தத் தொட்டி என்றறிய உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஒவ்வொன்றிலும் ஊற்றி, 20 நிமிடம் தண்ணீர் இழுக்காமல் விடுங்கள். நீலம் கொமட்டுக்குள் இறங்கிய இடத்தில் வாஷர் மாற்றினால் போதும். இரண்டாம் இரவும் மட்டம் இறங்கினால், தாங்கியே ஒழுகாதவரை, சுவருக்குள் அல்லது நிலத்துக்குள் ஓடும் குழாய் கசிகிறது. மாபிள் உடைத்து மறுபடி பதிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசவேண்டிய இடம் இது.

ஷவரில் தண்ணீர் மெல்ல வருகிறது என்பதற்காகக் குறை சொல்லாதீர்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ பழகிய அமுக்கம் இங்கே இராது. தாங்கி 10 மீற்றர் மேலே நின்றால்தான் 1 பார் (அமுக்கத்தின் அலகு) கிடைக்கும். ஷவருக்கு 4 மீற்றர் மேலே நிற்கும் தாங்கி 0.4 பார்தான் தரும். ஆனால் ஒரே உயரத்தில் உள்ள இரண்டு பைப்பில் ஒன்று மட்டும் மெலிந்தால் அதன் வாய்ச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் என்பதால் வெள்ளையாகக் காறை கட்டியிருக்கும். வினாகிரியில் ஊறவிட்டால் கரையும். சல்லடை இல்லாமலும் மெல்ல வந்தால் குழாயே அடைபட்டிருக்கிறது.

கூரை மேல் ஓடும் பிவிசி குழாய்கள் வெளிறி, தேய்த்தால் விரலில் மாப்போல ஒட்டினால் வெய்யில் தின்றுவிட்டது என்று பொருள். மாற்றத்தான் வேண்டும்.

வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டில் மணம் வந்தால் பயப்படவேண்டாம். நிலத்து ஓட்டைக்கும் பேசினுக்கும் கீழுள்ள குழாய் வளைவில் நின்று மணத்தைத் தடுக்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றி ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். பிறகும் மணந்தால் வளைவே வைக்காமல் குழாயை நேராகக் கொண்டுபோயிருக்கக்கூடும்.

கடைசியாக, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரத்தை அளவுநாடாவால் அளவுங்கள். மதிலுக்கு அப்பால் இருக்கும் அயலவரின் குழியையும் சேர்த்துத்தான். 50 அடி இருந்தாலும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே கழிவு ஊறும். அந்தக் கழிவிலிருந்து கிணற்றுநீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பைக் கொதிக்கவைத்து அகற்ற முடியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க உதவாது. கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்கி, போன முதல் கிழமையிலேயே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.