தண்ணி கழித்து நிறுங்கள்

பேராதனையில் முகாமைத்துவம் படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தாள். "ஆலோசனை நிறுவனங்கள் அறிவுச்செறிவுள்ள நிறுவனங்களா? மதிப்பிடுக. எங்கருந்து தொடங்குறது மாமா?" அதாவது, மற்றக் கம்பனிகளுக்கு யோசனை சொல்லிக் காசு வாங்கும் நிறுவனங்கள் உண்மையிலேயே நிபுணர் அறிவால் ஓடுகின்றனவா என்பது கேள்வி.

நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மழை நாளில் கொழுந்து நிறுத்தால் தண்ணிக்கென்று கொஞ்சம் கழிப்போம். (கூடக் கழித்துவிட்டு, கொழுந்தெடுக்கும் அம்மாமாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.) இதையும் அப்படித்தான் நிறுக்கச் சொன்னேன்.

முதலில் தராசு எது என்று தீர்மானியுங்கள். 1992இல் வில்லியம் ஸ்டார்பக் என்ற முகாமைத்துவ ஆய்வாளர் ஒன்றைத் தந்தார்: ஆட்களில் மூன்றில் ஒரு பங்காவது, படிப்பும் அனுபவமும் சேர்ந்து கலாநிதிப் பட்டத்துக்கு ஈடான நிபுணர்களாக இருக்கவேண்டும். தகவலைக் கையாளுவது வேறு, அறிவு வேறு என்றும் அவர் பிரித்தார். செக்ரோல் என்ற ஆள்வரவு, சம்பளப் பதிவேட்டை எழுதிய நாங்களும் நாள் முழுக்கத் தகவலில்தான் கிடந்தோம். அதற்காக எங்கள் ஆபீசைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா?

அடுத்து, ஆலோசனை நிறுவனத்திலிருந்து வேலைக்கு வருவது யார் என்று பாருங்கள். முதல் கூட்டத்துக்கு நரைத்த தலை வரும். பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து எக்செல் நிரப்புவது போன வருஷம் பட்டம் முடித்த பிள்ளைகள். யார் எத்தனை நாள் வந்தார் என்று தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுத்து ஆட்களை எண்ணுவதுபோல எண்ணுங்கள்.

பிறகு அறிக்கையைக் கையிலெடுங்கள். தோட்டத்தின் பெயரை மறைத்துவிட்டு வாசியுங்கள். வேறு எந்தத் தோட்டத்துக்கும் பொருந்துகிறதா? 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகு ஓர் ஆலோசனைக் குழு எங்களிடமும் வந்தது. நாலாயிரம் அடிக்கு மேலே, தேயிலை மட்டுமே உள்ள தோட்டம். அறிக்கையின் நடுவில் றப்பர் பால் வெட்டுவது பற்றி ஒரு பந்தி! தோட்ட மேலாளரான துரை சிரித்தார். பில் மட்டும் குறையவில்லை.

ஆனால் அவசரப்படாதீர்கள். பழையதைத் திரும்பப் பாவிப்பது அறிவின்மை ஆகாது. அறிவைக் கோப்பில் சேர்த்துத் திரும்பத் திரும்ப விற்பது ஒரு வழி, ஆளின் தலையில் வைத்து நேருக்கு நேர் கைமாற்றுவது இன்னொரு வழி என்று 1999இல் ஹான்சன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் காலத்து விசிட்டிங் ஏஜென்ட் இரண்டாவது ரகம். மலை மலையாக நடந்து, தேயிலைச் செடியைக் கத்தரித்த கவ்வாத்து வெட்டைக் குனிந்து பார்த்து, கொழும்பிலிருந்த கம்பனிக்கு அறிக்கை எழுதுவார். அவர் ஓய்வு பெற்றபோது பாதி அறிவு அவரோடு போனது. ஆகவே கேளுங்கள்: நாளைக்கு இந்த ஆள் போனால் நிறுவனத்தில் என்ன மிஞ்சும்?

கஷ்டமானது பலனை அளப்பதுதான். இந்த வேலையில் பலன் தெளிவாகத் தெரியாததால் தோற்றமும் பேச்சும் உறவும் அறிவின் இடத்தில் நின்றுகொள்ளும் என்பது மாட்ஸ் அல்வெசன் என்ற ஆய்வாளரின் வாதம். றப்பர் அறிக்கைக்கு அடுத்த வருஷம் எங்கள் விளைச்சல் கூடியது. அந்தக் குழு அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அந்த வருஷம் மழையும் சரியாகப் பெய்தது, உரமும் நேரத்துக்கு வந்தது. தண்ணி கழிக்கவேண்டிய இடம் இதுதான்.

"அப்ப, இல்லைன்னு எழுதவா?" என்றாள்.

"அப்படியும் எழுதாதே. ஒரு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு வேலை அறிவு, இன்னொரு வேலை அச்சடிப்பு. வேலை வேலையாகப் பிரிச்சு எழுது."

தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனித்த எங்கள் டீமேக்கர் பத்தாம் வகுப்புத் தாண்டாதவர். உருட்டிய கொழுந்து எப்போது பதமாகும் என்று மூக்கால் சொல்லுவார். ஸ்டார்பக்கின் தராசு அவரை எப்படி நிறுக்கும் என்பதையும் ஒரு பந்தி எழுதச் சொல்லி அனுப்பினேன்.