நாற்பத்தொன்பதில் நின்ற ஏசிசிஏ பேப்பரைத் திரும்ப எடுப்பது எப்படி?

கணக்காளர் தகைமைப் பரீட்சையான ஏசிசிஏயில் பாஸ் மார்க் 50. நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ வந்து பேப்பர் கைநழுவினால், இருபத்தைந்து எடுத்துப் பெயிலானவரைவிட உங்களுக்குத்தான் குழப்பம் அதிகம். "ஒரு மார்க்தானே, கேட்டுப் பார்க்கேலாதே?" என்பார் சித்தப்பா. "முதலில இருந்து வடிவாப் படி" என்பார் அம்மா. இரண்டும் பாசத்தில் வருகிற பேச்சு, இரண்டையும் அப்படியே கேட்டால் அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்க வாய்ப்பு உண்டு. 49 எடுத்த ஒருவருக்குப் பாடம் தெரியும். தெரிந்ததை மார்க்காக மாற்றும் இடத்தில்தான் எங்கேயோ ஒழுகுகிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு நிதி அறிக்கையிடல் பற்றிய ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் பேப்பரை, அதாவது எஃப்ஆரை, எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஏசிசிஏ படிக்கிறவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். சிஏ, சீமா, ஏஏடி போன்ற மற்றக் கணக்கியல் தகைமைகளைப் படிப்பவர்களுக்கும் முறை இதுவே. ஆனால் பாஸ் மார்க்கை உங்கள் நிறுவகத்தின் விதியில் பாருங்கள். உதாரணமாக, சீமாவில் 150 என்ற அளவுகோலில் 100 வேண்டும்.

படி 1: மீள்பார்வை கேட்பதா?

ஏசிசிஏயில் நிர்வாக மீள்பார்வை என்று ஒன்று கேட்கலாம், கட்டணமும் உண்டு. அதில் உங்கள் விடைகள் எல்லாம் திருத்தப்பட்டனவா, கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். 'இந்த விடைக்கு இன்னும் ஒரு மார்க் போட்டிருக்கலாம்' என்று யாரும் திரும்ப யோசிக்க மாட்டார்கள். ஒரு கேள்வி முழுவதும் விடுபட்டிருக்குமோ என்று உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டும் கேளுங்கள். கேட்டாலும் அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

படி 2: எந்தத் தவணை?

எஃப்ஆர் வருடத்தில் நான்கு தடவை நடக்கும்: மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர். ஒரு தவணையின் ரிசல்ட் வரும்போது அடுத்த தவணைக்கு ஏறத்தாழ ஏழு கிழமைதான் இருக்கும். பதிவு முடியும் நாளோ அதைவிட மிகக் கிட்டத்தில் நிற்கும். பிந்திப் பதிந்தால் கட்டணம் கூடும். காசு பவுணில் போவதால், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

49 எடுத்தவர் உடனே அடுத்த தவணையை எடுப்பதுதான் என் கட்சி. பாடம் சூடாக இருக்கும்போது ஏழு கிழமை தாராளம். ஆனால் யாழ்ப்பாணத்து நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடிற் கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கு நவம்பர் என்பது வருமான வரி அறிக்கை மாதம். 30ஆம் திகதி கடைசி நாள் என்பதால் இரவு எட்டு மணிக்கும் கந்தோரில்தான் இருப்பீர்கள். கூடவே மாரி மழை, மின்வெட்டு. அப்படியானவர்களுக்கு டிசம்பர் தவணை உகந்ததல்ல, மார்ச்சுக்குத் தள்ளலாம். செப்டெம்பர் தவணைக்குப் படிக்கும் நாட்களில் நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழா வரும். நல்லூரடியில் வீடு என்றால் காலையிலேயே ஒலிபெருக்கி தொடங்கிவிடும், விருந்தாளிகள் வேறு. சாமியைக் குறை சொல்ல முடியாது, அந்த நாட்களில் பொது நூலகத்தில் போய் இருந்துகொள்வதுதான் வழி.

இன்னொன்று. ஏசிசிஏ 2027 தொடக்கம் பாடத்திட்டத்தை மாற்றியமைப்பதாக அறிவித்திருக்கிறது. ஆகவே 'ஒரு வருடம் விட்டு ஆறுதலாக எடுப்போம்' என்ற எண்ணம் வேண்டாம்.

படி 3: மார்க் எங்கே போனது?

எல்லாரும் தாண்டிப் போவதும் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இந்தப் படிதான். புத்தகத்தைத் தொடும் முன், இதுவரை நீங்கள் பார்க்காத ஒரு மொக் பேப்பரை எடுங்கள். படிக்காமலே, மூன்று மணித்தியாலம் வைத்து, சோதனையில் இருப்பது போல இருந்து செய்யுங்கள். போனை அடுத்த அறையில் போட்டுவிடுங்கள். பிறகு மார்க்கிங் ஸ்கீமை வைத்து நீங்களே திருத்துங்கள். இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து:

தெ – அந்த விசயமே தெரியாது.
கே – தெரியும், ஆனால் கேள்வியைப் பிழையாக வாசித்தது.
நே – நேரம் போதவில்லை.
எ – மனதில் இருந்தது, விடையில் எழுதவில்லை.

நாலையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். நான் பார்த்தவரை, நாற்பதுகளின் மேல்பகுதியில் நின்றவர்களுக்கு 'தெ' பெரிதாக வருவது குறைவு. 'கே'யும் 'எ'யும்தான் விழுங்கியிருக்கும். பிறகு ஏன் முதலாம் அத்தியாயத்தில் இருந்து திரும்பத் தொடங்குகிறோம்? தெரிந்ததைத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். 'தெ' உண்மையிலேயே பெரிதாக வந்தால் மட்டும், அந்தத் தலைப்புகளுக்கு முதல் இரண்டு கிழமையை ஒதுக்குங்கள்.

படி 4: பழைய புத்தகம், கந்தோர்ப் பழக்கம்

எஃப்ஆரின் பாடத்திட்ட ஆண்டு செப்டெம்பரில் தொடங்கி அடுத்த ஜூன் தவணையோடு முடியும். ஜூனில் தவறவிட்டுச் செப்டெம்பரில் எடுக்கிறவர் புதிய ஆண்டுக்குள் நுழைகிறார். ஏசிசிஏ தளத்தில் இருக்கும் பரீட்சைக்குரிய ஆவணங்களின் பட்டியலை எடுத்து, உங்கள் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 2024இல் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற சர்வதேச நிதி அறிக்கை நியமம், 2027 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் ஆண்டுகளுக்கு ஐஏஎஸ் 1 என்ற பழைய நியமத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அண்ணாவிடம் இருந்து வந்த பழைய புத்தகத்தில் அதன் பெயரே இருக்காது.

கந்தோரில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஸ்ரீலங்காவின் எஸ்எல்எஃப்ஆர்எஸ், எல்கேஏஎஸ் என்ற கணக்கியல் நியமங்கள் சர்வதேச நியமங்களை ஒட்டியே வருவதால் அதில் பெரிய பிரச்சினை இல்லை: எல்கேஏஎஸ் 16 படித்தவருக்கு ஐஏஎஸ் 16 தெரியும். ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் கோப்புகளில் பாதி சின்னக் கம்பனிகளுடையவை, அவை சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தில் போகும். அங்கே நன்மதிப்பை (குட்வில், அதாவது ஒரு கம்பனியை வாங்கும்போது அதன் தேறிய சொத்துக்கு மேலாகக் கொடுத்த தொகை) வருடா வருடம் பதிவழிப்பார்கள், கடன் வட்டியை நேரே செலவாக்குவார்கள், அபிவிருத்திச் செலவையும் அப்படித்தான். சோதனையில் கேட்கும் முழு ஐஎஃப்ஆர்எஸ்ஸில் நன்மதிப்புக்கு வருடாந்தப் பதிவழிப்பு இல்லை, பெறுமதி குறைந்துவிட்டதா என்று பார்க்கும் இம்பெயார்மென்ட் சோதனைதான். தகுதியான சொத்தைக் கட்டும்போது வரும் வட்டி சொத்தின் கிரயத்தில் சேரும். நிபந்தனைகள் நிறைவேறினால் அபிவிருத்திச் செலவும் சொத்தாகும். கை பழகிய வேலையே மார்க்கைத் தின்னும் இடம் இது. இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள்.

படி 5: கணக்குக் கேள்வி

பேப்பரின் வடிவம் தெரிந்ததுதான்: ஏ பகுதியில் 15 சிறு கேள்விகள், பீ பகுதியில் மூன்று சம்பவங்களும் ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகளும், சீ பகுதியில் தலா 20 மார்க்குக்கு இரண்டு பெரிய கேள்விகள். அந்த இரண்டில் குழுமக் கணக்கு (தாய்க் கம்பனியையும் துணைக் கம்பனியையும் சேர்த்துக் காட்டும் கணக்கு) வந்தால், நம் ஆட்களுக்கு அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்கும். துணைக் கம்பனியை வருடத்தின் நடுவில் வாங்கியிருப்பார்கள். ஒன்றைச் செய்து பார்ப்போம்.

தாய்க் கம்பனி ஏப்ரல் 1ஆம் திகதி துணைக் கம்பனியின் 80% பங்கை ரூ. 180,000க்கு வாங்குகிறது. வருட முடிவு டிசம்பர் 31. துணைக் கம்பனியின் பங்கு மூலதனம் 100,000. ஜனவரி 1இல் சேர்ந்திருந்த இலாபம் 40,000. அந்த வருட இலாபம் 60,000, வருடம் முழுக்கச் சீராக வந்தது. வாங்கிய அன்று கட்டடத்தின் சீர்மைப் பெறுமதி (ஃபெயார் வால்யூ) புத்தகப் பெறுமதியைவிட 10,000 கூட, மிச்ச ஆயுள் 5 வருடம். சிறுபான்மைப் பங்கின், அதாவது மற்றவர்களிடம் இருக்கும் மிச்ச 20%இன், சீர்மைப் பெறுமதி 38,000.

முதலில் வாங்கிய அன்றைய தேறிய சொத்து. மூலதனம் 100,000, ஆரம்ப இலாபம் 40,000, ஜனவரி தொடக்கம் மார்ச் வரையான மூன்று மாத இலாபம் 15,000, கட்டடத்துக்கு 10,000. மொத்தம் 165,000. நன்மதிப்பு: 180,000 + 38,000 − 165,000 = 53,000.

அந்த 15,000ஐ மறந்தால் நன்மதிப்பு 68,000 ஆகிவிடும். மறக்கிறவர்கள் இலாபத்தை மாதக்கணக்கில் பிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல. 'ஏப்ரல் 1' என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எங்கும் எழுதாமல் விட்டவர்கள். அதனால் கேள்வியை வாசித்த கையோடு முதல் வேலையாக '3 மாதம் முன், 9 மாதம் பின்' என்று உங்கள் வேலைத்தாளில் எழுதுங்கள்.

அப்புறம் வாங்கியதற்குப் பிந்திய இலாபம்: ஒன்பது மாதத்துக்கு 45,000. கட்டடத்தின் மேலதிகப் பெறுமானத்தேய்வு வருடத்துக்கு 2,000, ஒன்பது மாதத்துக்கு 1,500. மிச்சம் 43,500. அதில் சிறுபான்மைக்கு 20% என்றால் 8,700, ஆக வருட முடிவில் அவர்களது பங்கு 46,700. தாய்க் கம்பனிக்கு 34,800. அந்த 1,500க்கும் ஒன்பது மாதம்தான் என்பதைக் கவனித்தீர்களா? இலாபத்தைச் சரியாகப் பிரித்தவர்களே இங்கே முழு 2,000ஐயும் கழித்துவிடுவார்கள்.

விடையை ஸ்பிரெட்ஷீட்டில் அடிக்கும்போது 53000 என்று மட்டும் அடிக்காதீர்கள். =180000+38000-165000 என்று சூத்திரமாக அடியுங்கள். திருத்துபவருக்குச் சூத்திரம் தெரியும். ஓர் எண் பிழைத்தாலும் முறைக்குரிய மார்க் கிடைக்கும். ஓர் இடத்தில் பிழைத்த எண்ணைப் பின்னால் சரியான முறையில் பயன்படுத்தியிருந்தால் அதற்கும் மார்க் உண்டு. ஆகவே ஐந்தொகை சமப்படவில்லை என்று நேரத்தைக் கொட்டித் தேட வேண்டாம். ஏ.எல்லில் கணக்கீடு படித்த எங்களுக்கு இதுதான் கஷ்டம், சமப்படாத ஐந்தொகையை விட்டுவிட்டுப் போக மனம் வராது. போகத்தான் வேண்டும்.

படி 6: எழுத்துக் கேள்வி

49க்கும் 55க்கும் இடையிலான தூரம் அநேகமாக இங்கேதான். தமிழ் மீடியத்தில் வர்த்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் எண்களில் வல்லவர்கள். விகிதங்களைக் கணித்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில் நாலு வரியோடு நிறுத்திவிடுவார்கள். கணித்ததற்குக் கிடைப்பதோ 20இல் சிறு பங்குதான்.

ஓர் ஐஸ்கிரீம் கம்பனி என்று வைப்போம். விற்பனை 50 மில்லியனில் இருந்து 65 மில்லியன். மொத்த இலாபம் 20 மில்லியனில் இருந்து 22.1 மில்லியன். கடன்பட்டோரிடம் காசு வர எடுத்த நாட்கள் 20இல் இருந்து 58. இந்த வருடம்தான் கொழும்பு சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு மொத்த விலையில் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று கேள்வியில் ஒரு வரி இருக்கும்.

வழக்கமான விடை: 'விற்பனை 30% கூடியது. மொத்த இலாப விகிதம் 40%இல் இருந்து 34% ஆகக் குறைந்தது. இது நல்லதல்ல.' இதில் புதிதாக ஒன்றும் இல்லை, எண்ணைச் சொல்லால் திருப்பிச் சொன்னதுதான். மார்க் வாங்கும் விடை இப்படிப் போகும்: 'சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்ததால் விற்பனை கூடியபோதும் விகிதம் 34%க்கு இறங்கியது. அவர்கள் கடனுக்கு வாங்குவதால் காசு வரும் காலம் 58 நாளாக நீண்டிருக்கிறது. வளர்ச்சி இப்படியே தொடர்ந்தால் பால்காரருக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்க வங்கி மேலதிகப் பற்றை நம்ப வேண்டிவரும்.'

ஒவ்வொரு பந்திக்கும் மூன்று கேள்வி: எவ்வளவு? ஏன்? அதனால் என்ன? 'ஏன்' என்பதற்கான விடை எப்போதும் கேள்வித்தாளில் ஒளிந்திருக்கும், உங்கள் கற்பனையில் அல்ல. பதிலை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாக அடியுங்கள். கருத்து விளங்கினால் போதும், இது ஆங்கிலப் பரீட்சை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கேள்வி எழுதி, கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். தன் எழுத்தில் 'ஏன்' இல்லை என்பது தன் கண்ணுக்குத் தெரியாது. பரீட்சகர் அறிக்கைகளும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ரியூசன் நோட்ஸை மூன்றாம் தரம் வாசிப்பதைவிட அவற்றை ஒரு தரம் வாசிப்பது மேல்.

படி 7: திரையும் நேரமும்

கொப்பியில் செய்து பழகிவிட்டுத் திரையில் சோதனை எழுதப் போகாதீர்கள். ஏசிசிஏயின் பயிற்சித் தளத்தில் உண்மையான திரையே கிடைக்கும். கடைசி மூன்று கிழமையும் அதிலேயே செய்யுங்கள். வீட்டில் இணையம் இழுபட்டால் காலை வெள்ளனவே முடித்துவிடுவது நல்லது.

180 நிமிடத்தில் 100 மார்க், ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். சீ பகுதியின் ஒரு கேள்விக்கு 36 நிமிடம், ஏயும் பீயும் சேர்த்து 108 நிமிடம். 36ஆவது நிமிடத்தில் கேள்வி முடியாவிட்டாலும் அடுத்ததற்குப் போங்கள். ஒரு கேள்வியின் முதல் பத்து மார்க் எடுப்பது, இன்னொன்றின் கடைசி மூன்று மார்க்கைத் துரத்துவதைவிட லேசு.

படி 8: சோதனைக்கு முதல் நாளும் அன்றும்

மையம் கொழும்பில் கிடைத்தவர்கள் இரவு பஸ்ஸில் போய் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே மண்டபத்துக்குப் போகும் துணிச்சலைக் காட்ட வேண்டாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம். வெள்ளவத்தையில் மாமி வீடோ நண்பனின் அறையோ இருந்தால் முதல் நாள் மதியமே போய்விடுங்கள். அடையாள அட்டையையும் அனுமதிப் பத்திரத்தையும் பையில் வைத்துவிட்டு நேரத்தோடு படுங்கள்.

மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடத்தை ஏ, பீ பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிழையான விடைக்கு மார்க் கழிப்பதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. 'இரண்டைத் தெரிவுசெய்க' என்று கேட்டவற்றில் ஒன்று மட்டும் தெரிவானால் பாதி மார்க்கும் வராது. இரண்டும் கிளிக் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.