டெர்மினல் சாட்: வரியை மட்டும் எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள்

லினக்ஸிலோ பிஎஸ்டியிலோ டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஓடும் எளிமையான சாட் மென்பொருள் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை வரி கோட் என்பதைத்தான். மிகச் சிறிய மென்பொருள்களை எழுதும் சக்லெஸ் குழுவின் 'சிக்', ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறைக்கான மென்பொருள். அது 250 வரிக்கும் குறைவு. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்த வரிகளுக்குள் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் கிடையாது. 6697 போர்ட்டில் பாதுகாப்பாக இணைய, அந்த மறையாக்கத்தைச் செய்துதரும் எஸ்டனலோ சோக்காட்டோ பக்கத்தில் ஓட வேண்டும். அதையும் சேர்த்து எண்ணினால், டிஎல்எஸ்ஸும் சாஸலும் (இணையும்போதே நம் கணக்கை உறுதிசெய்யும் முறை) உள்ளேயே இருக்கிற இர்சி என்ற இன்னொரு ஐஆர்சி மென்பொருள் ஒன்றும் அவ்வளவு குண்டாகத் தெரியாது.

சிக்கில் இன்னொரு வழுக்கலும் உண்டு. '-கே' கொடுத்து பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே தருவார்கள். பலர் பயன்படுத்தும் மெஷினில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையை யாராவது அடித்தால் அது அப்படியே தெரிய வாய்ப்பு உண்டு. (நான் இதைவிட மோசம். ஐஆர்சியில் நம் பெயரைப் பதிவு செய்துவைக்கும் நிக்சர்வ் சேவைக்கு அனுப்பும் கட்டளைக்கு முன்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விட்டு, அது சாதாரணச் செய்தியாகவே போய், பாஸ்வேர்டைச் சேனல் (அரட்டை அறை) முழுக்கக் காட்டியவன்.)

அப்புறம், மென்பொருள் எங்கே ஓடப்போகிறது என்று யோசிக்காமலே தேர்ந்தெடுப்பது. ஐஆர்சி 1988-இல் பிறந்தது. நாம் இல்லாத நேரத்தில் வந்த செய்தியை எடுத்துவைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. லேப்டாப்பை மூடினால் உரையாடல் போச்சு. எப்போதும் ஓடும் ஒரு சர்வரில் டிமக்ஸுக்குள் (நாம் வெளியேறினாலும் நிரலை ஓடவிடும் கருவி) இர்சியையோ, அதே மாதிரியான வீசாட்டையோ விட்டுவைப்பது ஒரு வழி, இசட்என்சி மாதிரி ஒரு பவுன்சர் (நமக்காக இணைப்பிலேயே இருந்து செய்திகளைச் சேர்த்துவைக்கும் நிரல்) வைப்பது இன்னொரு வழி. இதை முடிவு செய்த பிறகு பார்த்தால், பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐஆர்சியில் ஒரு செய்தி வரிக்கு 512 பைட்தான் எல்லை. கட்டளை, சேனல் பெயர், அனுப்புகிறவரின் முகவரி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளோடு சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். ஆங்கிலத்தில் தாராளமாகப் போகிற பத்தி தமிழில் பாதியிலேயே வெட்டுப்படும், சில நேரம் எழுத்தின் நடுவிலேயே. வீசாட் நீண்ட வரியைத் தானே பிரித்து அனுப்பும். சிக் பிரிக்காது. அத்தோடு 'கொ', 'ஸ்ரீ' போன்றவற்றைச் சரியாக அடுக்காத டெர்மினல்கள் பல. கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் தெரியும். அங்கே குறை சாட் மென்பொருளில் இல்லை, டெர்மினலை மாற்றிப் பாருங்கள்.

எக்ஸ்எம்பிபி என்ற இன்னொரு அரட்டை முறைக்கு, டெர்மினலில் ஓடும் ப்ரொஃபானிட்டி மென்பொருள் நல்ல தேர்வு. ஆனால் பேசுகிறவர்கள் மட்டுமே படிக்க முடிகிற ஓமெமோ மறையாக்கம், அதை மூல நிரலிலிருந்து உருவாக்கும்போது (பில்ட்) சேர்க்கப்படுவது. உங்கள் தொகுப்பில் இருக்கிறதா என்று 'ப்ரொஃபானிட்டி -வி' அடித்துப் பார்த்துவிட்டு ரகசியம் பேசுங்கள்.

கடைசியாக, பழைய வழிகாட்டிகளை அப்படியே நகலெடுப்பது. பல இர்சி குறிப்புகள் இன்னும் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பின் முகவரியையே தருகின்றன. 2021 மே மாதம் அதன் தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட் என்ற புது வலையமைப்பைத் தொடங்கினார்கள், ஏராளமான திட்டங்களும் அங்கே இடம் மாறிவிட்டன. ஹெக்ஸ்சாட் என்ற ஐஆர்சி மென்பொருளைப் பரிந்துரைக்கும் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. அதன் கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியில் வந்தது, இனி வராது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.