லென்ஸ் வாங்குமுன் ஊருணிக் கரையில் உட்கார்ந்து பாருங்கள்

பறவைப் படம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று காரைக்குடியில் என்னிடம் கேட்க வரும் தம்பிகள் பெரும்பாலும் மனதில் ஓர் எண்ணோடுதான் வருகிறார்கள். "அண்ணே, 150-600 வாங்கிடலாமா?" 150-லிருந்து 600 எம்எம் வரை ஸூம் ஆகும் லென்ஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்; எம்எம் கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். தாராளமாக வாங்கலாம். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: எங்கே உட்கார்ந்து எடுக்கப் போகிறீர்கள்? வீட்டுக் கொல்லையிலா, ஊருணிப் படித்துறையிலா, கண்மாய்க் கரையிலா? இது தெரியாமல் லென்ஸ் பேசிப் பயனில்லை.

எனக்குத் தொழில் கல்யாணப் படம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகள் நிறைந்திருப்பதும் அந்தச் சமயத்தில்தான். அப்படித்தான் இந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது.

கணக்கு ஒன்று தெரிந்தால் போதும். பறவையின் அளவை லென்ஸின் எம்எம்மால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் விழும் தகட்டில், அது எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று வந்துவிடும். வெண்மார்பு மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அலகிலிருந்து வால்வரை சுமார் 28 சென்டிமீட்டர், அதாவது 280 மில்லிமீட்டர். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கையில் 300 எம்எம் லென்ஸ். 280-ஐ 300-ஆல் பெருக்கி 20,000-ஆல் வகுத்தால் 4.2 மில்லிமீட்டர். க்ராப் சென்சாரின் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய வகை) உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அப்படியென்றால் பறவை ஃபிரேமில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். 600 எம்எம் போட்டால் 8.4, பாதி ஃபிரேமைத் தாண்டிவிடும். இறகின் வரி தெரியும். சரி, அதே 300 லென்ஸோடு 10 மீட்டருக்குக் கிட்டே போனால்? அப்போதும் 8.4 தான். எனக்குப் பறவையின் நீளம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் வெட்டி வெட்டிப் பெரிதாக்கி, கடைசியில் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நம் ஊருணிகளில் அந்த 10 மீட்டர் கிடைக்கும். தண்ணீர் எடுக்க, துவைக்க என்று நாள் முழுக்க ஆள் வந்து போகும் இடம் என்பதால் பறவைகளுக்கு மனித வாசம் பழகிப்போயிருக்கிறது. கடைசிப் படிக்கு இரண்டு படி மேலே, முழங்காலில் கேமராவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆடாமல் உட்காருங்கள். மீன்கொத்தி வழக்கமாக உட்காரும் கல் எது, எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். மறுநாள் அந்தக் கல்லுக்குப் பக்கத்துப் படியில் முன்கூட்டியே போய் உட்கார வேண்டியதுதான். குடிதண்ணீர் ஊருணியாக இருந்தால் செருப்பை மேலேயே கழற்றிவிடுங்கள். இதற்கு 70-300 போதும். கேனான் வைத்திருப்பவர்களுக்கு 55-250 எஸ்டிஎம் போதும். பெரிய செலவு தேவையே இல்லை.

கொல்லைக்கு வந்தால் கதை மாறும். செம்பருத்திக்கு வரும் ஊதாத் தேன்சிட்டு 10 சென்டிமீட்டர்தான் இருக்கும். மூன்று, நான்கு மீட்டரில் எடுக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை. கேனான் ஆர்எஃப் 800 எஃப் 11 லென்ஸுக்கு 6 மீட்டராவது வேண்டும். (எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பின் அளவு; எண் பெரிதானால் வெளிச்சம் குறையும்.) அதன் தம்பி 600 எஃப் 11-க்கு நாலரை மீட்டர். சோனி 200-600 என்றால் 2.4 மீட்டரிலேயே பிடித்துவிடும். இந்த எண்ணைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

கண்மாய்தான் பெரிய லென்ஸுக்கான இடம். திருப்பத்தூரைத் தாண்டி மதுரை போகும் வழியில் இருக்கும் வேட்டங்குடி, 1977-லிருந்து சரணாலயம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு வைக்கின்றன. கொள்ளுகுடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படி ஓர் ஊரில் நாம் லென்ஸ் போதவில்லை என்று கரையைவிட்டு இறங்கிக் கூட்டுக்குப் பக்கத்தில் போவது பெரிய அநியாயம். தாய்ப்பறவை எழும்பினால் முட்டை வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். கிட்டே போகக் கூடாத இடத்தில்தான் 500-க்கும் 600-க்கும் கொடுக்கும் காசு நியாயமாகிறது. சங்குவளை நாரை ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும் பறவை. 60 மீட்டரில் 400 எம்எம் லென்ஸிலேயே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் விழும். அதே தூரத்தில் மிதக்கும் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவைக்கு 600 போட்டாலும் இரண்டரைதான். அதை அங்கே விட்டுவிட்டு ஊருணியில் எடுங்கள்.

அடுத்து வெளிச்சம். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது சூரியன் எழும்பிய முதல் ஒன்றரை மணி நேரம். அப்போது எஃப் 6.3-இல், ஷட்டர் 1/1000 நொடியில் ஐஎஸ்ஓ 2000 கேட்கிறது என்று வையுங்கள். (ஐஎஸ்ஓ கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம், ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.) எஃப் 11 லென்ஸுக்கு அதே வெளிச்சத்தில் மூன்று மடங்கு, அதாவது 6000-க்கு மேல் போக வேண்டும். எஃப் 11 லென்ஸ்கள் எடை குறைவு, 600 ஒரு கிலோகூட வராது, விலையும் குறைவு. முழங்கால் வலி, தோள் வலி உள்ள பெரியவர்களுக்கு நானே சொல்லி வாங்க வைப்பேன். ஆனால் பறக்கும் பறவைக்கு 1/2000 ஷட்டர் வேண்டும். மார்கழிப் பனிமூட்டத்தில் அந்த லென்ஸால் முடியாது.

கோடையில் பத்து மணிக்கு மேல் எந்த லென்ஸும் வேண்டாம். செம்மண் சூடேறிக் கானல் ஆடும்போது 600 எம்எம் அந்த ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

என்னைப் போலக் கல்யாணம் எடுப்பவர்களிடம் 70-200 எஃப் 2.8 இருக்கும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் அது 140-400 எஃப் 5.6 ஆகிவிடும். கூர்மை கொஞ்சம் குறையும், ஃபோகஸ் கொஞ்சம் சுணங்கும். தொடங்குவதற்கு இது நல்ல வழி, தனி லென்ஸ் வாங்காமலே ஒரு சீசன் ஓட்டலாம். அதே கன்வெர்ட்டரை 150-600-இல் போட நினைக்காதீர்கள். அப்பர்ச்சர் எஃப் 13-க்குப் போய்விடும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸே நின்றுவிடும்.

எடையைக் கடையிலேயே சோதிக்கலாம். சிக்மா 150-600 கன்டெம்பரரியும் டாம்ரான் 150-600 ஜி2-வும் இரண்டு கிலோவை ஒட்டி வரும். சிக்மா ஸ்போர்ட்ஸ் 2.86 கிலோ. கேமராவோடு மாட்டி, கண்ணில் வைத்தபடி ஒரு நிமிடம் நில்லுங்கள். கை நடுங்கினால் அது உங்கள் லென்ஸ் இல்லை, அல்லது மானோபாடுக்கும் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். நம் ஊரில் தூசியையும் பார்க்க வேண்டும். சிக்மா, டாம்ரான் இரண்டும் ஸூம் செய்தால் முன்னே நீளும். நீண்டு சுருங்கும்போது செம்மண் தூசி உள்ளே போக வழி உண்டு. சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டிலும் எல்லாம் உள்ளேயே நகரும். பைக்கில் மண்பாதையில் திரிகிறவர் என்றால் இதற்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பே இல்லை. பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பங்கஸ், அதாவது பூஞ்சை, பேரமே பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஸூமை முழுக்க நீட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் மங்கினால் பரவாயில்லை, பறவை ஓரத்தில் இருக்கப் போவதில்லை. நடு மங்கினால் வேண்டாம்.

முடிவு எடுக்க முடியவில்லையா? மதுரையிலோ திருச்சியிலோ 150-600-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் ஊருணிக்கும் கண்மாய்க்கும் காலையில் கொண்டுபோய் எடுத்துவிட்டு, பிடித்த படங்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று கம்ப்யூட்டரில் பாருங்கள். பெரும்பாலும் 600 என்று வந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். 300, 350 என்றே வந்துகொண்டிருந்தால் 70-300 வாங்கிக்கொண்டு, மிச்சக் காசில் நல்ல மானோபாடும், ஐப்பசி மழை ஈரத்தில் லென்ஸைப் பத்திரப்படுத்தக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடலாம்.